அக்காவின் கடைவாய்ப்பல்

அக்கா கைப்பையிலிருந்து எடுத்து என் மேசையில் பிரித்து வைத்த டிஷ்யூ தாளுக்குள் அரை நகமளவு பல்துண்டு ஒன்று கிடந்தது. வெள்ளவத்தையில் நான் சொந்தக் கிளினிக் திறந்த வருடம் அது. “கச்சான் கடலை கடிச்சனான் தம்பி, என்ட பிழைதான்” என்றாள். துண்டைப் புரட்டிப் பார்த்தேன். துளி சொத்தை இல்லை, நல்ல பல். சில வருடங்களுக்கு முன் அதைக் குடைந்து அடைத்தவன் நான்தான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு: “இந்த வயசில கச்சான் கடிக்கலாமோ அக்கா?”

படிப்பு முடிந்து கொட்டாஞ்சேனையில் வேறொருவரின் கிளினிக்கில் சேர்ந்த முதல் மாதம், என்னை நம்பி வந்த முதல் சொந்தம் அவள். பல்லின் மேல் சின்னக் கறுப்பு, அதற்குக் கீழே கொஞ்சம் மென்மை. அவ்வளவுதான். அப்போது அடைக்கப் பயன்பட்ட வெள்ளி நிறக் கலவை பல்லோடு ஒட்டாது, அது பிடித்து நிற்கக் குழி கொஞ்சம் பெட்டி போல இருக்கவேண்டும் என்பது உண்மைதான். அந்தக் கொஞ்சம் எனக்குப் போதவில்லை. ஓரம் நேராக வரட்டும் என்று ஒரு பக்கம் குடைந்தேன், அதற்குச் சமமாக மறுபக்கம், அடி தட்டையாகட்டும் என்று இன்னும் ஆழம். குடைந்து முடித்து அழகு வேறு பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. கூடத்தைப் பெரிதாக்க இங்கே தொடர்மாடி வீடுகளில் இடைச்சுவரை உடைக்கிறார்களே, அதே வேலைதான். பல்லின் சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் பாரம் தாங்குகின்றன. குழி அகல அகல, மிஞ்சிய சுவர் மெலிந்து ஒவ்வொரு கடிக்கும் இம்மியளவு வளைகிறது, ஒருநாள் உடைந்துபோகிறது. கச்சான் இல்லாவிட்டால் பாண் ரொட்டியின் ஓரமே அதற்குப் போதும்.

உடைந்த பல்லுக்கு உறை போட்டேன். அக்கா கச்சானை விட்டாள். கடற்கரைக்குப் போனால் எல்லோருக்கும் கச்சான் சுருள் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள். யாராவது கேட்டால், “தம்பி கடிக்கக்கூடாதெண்டு சொன்னவன்” என்பாள். என்னால் அங்கே இருக்க முடியாது. எழுந்து கரையோர ரயில் தண்டவாளம் வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். இப்படியே வருடங்கள் போயின.

போன மாதம் தன் மகளைக் கூட்டிவந்தாள். அதே கடைவாய்ப்பல், அதே சின்னக் கறுப்பு. “மாமா நோகாமல் அடைச்சுவிடுவார்” என்று பிள்ளையைக் கதிரையில் இருத்தினாள். குடையும் மெஷினை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

“அக்கா, உங்கட பல்லை உடைச்சது கச்சான் இல்லை. நான்தான். தேவைக்கு மேல குடைஞ்சிட்டன்.”

அவள் என்னையே பார்த்தாள். “அப்ப இவ்வளவு நாளும் நான் கச்சான் தின்னாமல் இருந்தது?”

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்றே நினைத்தேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என் தோளருகே வந்து நின்றாள்.

குடையத் தொடங்கினேன். இப்போதைய வெள்ளை அடைப்பு பல்லோடு ஒட்டிக்கொள்ளும், பெட்டி போலக் குடைய வேண்டியதில்லை. கறுப்பு சீக்கிரமே போய்விட்டது. ஆனால் ஓரம் ஒன்று கோணலாகத் தெரிந்தது. என் கை தன்பாட்டில் அதை நேராக்கப் போனது.

“கறுப்பு போயிட்டுதோ?”

“ஓம் அக்கா.”

“அப்ப நிப்பாட்டு.”