நீதிபதியிடம் எல்லாவற்றையும் சொல்

ஊரில் போர் முடிந்த அடுத்த வருஷம் நான் அமெரிக்க அரசாங்கத்தின் மூன்று கிளைகளையும் கரைத்துக் குடித்திருந்தேன். அமெரிக்காவுக்கு நான் போனதில்லை, போகும் எண்ணமும் இல்லை. நியூஜெர்சியில் இருந்த மச்சாள் குடியுரிமைப் பரீட்சைக்குப் போக வேண்டியிருந்தது. பரீட்சைப் புத்தகத்தில் உள்ள சொற்களுக்குத் தமிழில் விளக்கம் எழுதி அனுப்பும்படி கேட்டாள். யாழ்ப்பாணத்தில் பதினாறு வருஷம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். பாரிசுக்கு வந்து விடியற்காலையில் அலுவலகத் தரைகளைத் துடைப்பவளாக மாறிய பிறகு, என்னிடம் யாராவது விளக்கம் கேட்டால் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் தெரியாது.

பிற்பகலில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தொலைபேசிக் கடையின் பின்பக்க மேசையில் இருந்து எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். கடைக்காரர் முதல் எல்லோருக்கும் நான் ரீச்சர்தான். ஆட்கள் வராத நேரத்தில் மச்சாளின் சொற்களை எழுதினேன். காங்கிரஸ் என்பது சட்டம் இயற்றும் கிளை. அதற்குள் செனட், பிரதிநிதிகள் சபை என்று இரண்டு. ஜனாதிபதி சட்டத்தை நடைமுறைப்படுத்தும் கிளை. பிடிக்காத சட்டத்தைத் திருப்பி அனுப்ப அவருக்கு உள்ள அதிகாரம் வீட்டோ. சட்டத்தின் பொருளைச் சொல்வது நீதிமன்றங்கள். இவற்றில் எதுவும் மற்றதை மிதிக்காதபடி பிரித்து வைத்திருப்பதற்குப் பெயர் வலுவேறாக்கம். இந்தச் சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டேன். சட்டம் போட்டதும் பிடித்ததும் தண்டித்ததும் ஒரே கையாக இருந்த இடத்திலிருந்து வந்த எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

அந்த நாட்களில்தான் புறநகரான சார்செல்லில் இருந்து ஒருத்தி என்னிடம் வரத் தொடங்கினாள். உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறவள். மதிய வேலைக்கும் மாலை வேலைக்கும் இடையில் கிடைக்கும் இரண்டு மணித்தியாலத்தில், சவர்க்காரத்தில் ஊறி வெளுத்த விரல்களோடு வருவாள். அவளுடைய தம்பி வன்னியில் இருந்து தப்பி, பல நாடு சுற்றி, மெக்சிக்கோ எல்லையைக் கடந்து அமெரிக்காவுக்குள் கால் வைத்ததும் பிடிபட்டுவிட்டான். டெக்சாசில் ஒரு தடுப்பு முகாமில் இருந்தான். தாயும் அவனும்தான் அவளுக்கு மிச்சம். அவனைத் திருப்பி அனுப்பினால் கொழும்பு விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்பதை அவள் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

"ஒபிசர் ஒருத்தர் ஏற்கனவே விசாரிச்சுப் போட்டார், ரீச்சர். இனி ஜட்ஜ். அரிசிக் கதையைச் சொல்லுறதோ விடுறதோ எண்டு கேக்கிறான்."

அரிசிக் கதை இதுதான். போரின் கடைசி மாதங்களில் இயக்கம் அவனுடைய உழவு இயந்திரத்தையும் அவனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுபோய்த் தங்கள் சமையற்கூடத்துக்கு அரிசி ஏற்றவைத்தது. மறுத்திருந்தால் கையில் துவக்கைக் கொடுத்து முன்னுக்கு அனுப்பியிருப்பார்கள். அதிகாரி விசாரித்தபோது அவன் பயத்தில் இதைச் சொல்லவில்லை.

எங்கள் ஆட்களுக்கு இங்கே ஒரு வழக்கம் இருந்தது. அகதி அலுவலகத்தில் வாய் வராமல் விட்டதை ரெக்கூரில், அதாவது மேன்முறையீட்டில், நீதிமன்றத்தின் முன் கொட்டுவார்கள். அப்படிக் கொட்டி விசா எடுத்த எத்தனையோ பேருக்கு நானே கடிதம் எழுதியிருக்கிறேன். அந்த வழக்கமும் மச்சாளின் புத்தகமும் என் தலைக்குள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின.

"ஒபிசர் அரசாங்கத்தின்ரை ஆள், பிள்ளை. அவரிட்டை வாயைக் குடுக்காதது நல்லதுதான். ஜட்ஜ் வேற. அந்த நாட்டிலை அரசாங்கம் ஜட்ஜைத் தொடேலாது. அவரிட்டை எல்லாத்தையும் சொல்லச் சொல்லு. ஒண்டும் மறைக்க வேண்டாம்."

மூன்று கிளைகளையும் ஒரு தாளில் படமாகப் போட்டும் காட்டினேன். ஒன்று பிழை விட்டால் மற்றது திருத்தும் என்றேன். அவள் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அவனுடைய விசாரணை அறிவித்தல் கடைக்குத் தொலைநகலில் வந்திருந்தது. அதன் ஒரு பிரதியை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். திகதியையும் நேரத்தையும் தவிர அதில் வேறெதையும் நான் வாசிக்கவில்லை.

விசாரணை முடிந்த மறுநாள் அவள் ஒரு பெட்டி நிறைய றோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். சிரித்த முகமாக அவளை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"ஒண்டும் விடாமல் சொல்லிப்போட்டானாம், ரீச்சர். ஜட்ஜ் நல்ல மனுசனாம். ஒருக்காலும் குறுக்கிடேல்லையாம். எல்லாத்தையும் எழுதினவராம்."

"அரசாங்கப் பக்கத்து வக்கீல்?"

"அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டவராம். அந்த அரிசியைச் சாப்பிட்டது இயக்கப் பெடியளோ எண்டு. ஓம் எண்டு சொன்னவனாம். அதுக்குப் பிறகு அவர் ஒண்டும் கேக்கேல்லையாம்."

நான் ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தேன். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அப்போது தெரியவில்லை.

அவள் கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் நடந்து போன பிறகு மச்சாளின் வேலையைத் தொடர்ந்தேன். மிச்சமிருந்தது ஜனாதிபதியின் கீழ் வரும் திணைக்களங்களின் பட்டியல். வெளிநாட்டு அலுவல்கள், பாதுகாப்பு, விவசாயம் என்று எழுதிக்கொண்டு வந்தவள் நீதித் திணைக்களத்தில் நின்றேன். அந்தப் பெயரை வேறெங்கோ கண்ட ஞாபகம். பையைத் திறந்து விசாரணை அறிவித்தலை எடுத்தேன். தாளின் உச்சியில் அதே பெயர் இருந்தது.

கடையின் கணினியில் இருந்து தேடினேன். குடிவரவு நீதிபதிகள் நீதிமன்றக் கிளையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஜனாதிபதியின் கிளைக்குள் இருக்கும் அந்தத் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள். அவர்களை நியமிப்பது அந்தத் திணைக்களத்தின் தலைவரான சட்டமா அதிபர். நினைத்தால் அவர்களுடைய தீர்ப்பை அவரே எடுத்து மாற்றி எழுதலாம். கறுப்பு அங்கியும் உயர்ந்த மேசையும் இருக்கலாம். ஆனால் பிடித்தவர்களும் எதிர்த்து வாதாடியவர்களும் தீர்ப்புச் சொல்லப்போகிறவரும் ஒரே கிளையில் இருந்தார்கள். இன்னொரு பக்கத்தில், காங்கிரஸ் இயற்றிய சட்டம் இருந்தது. அமெரிக்கா தடை செய்திருந்த இயக்கத்துக்கு எந்த உதவி செய்தவருக்கும் அடைக்கலம் இல்லை. சோறும் உதவிதான். கட்டாயத்தில் செய்தேன் என்பது எடுபடுவதில்லை.

எனக்குப் பயம் வந்தது. அவனுக்காகவும் வந்தது, எனக்காகவும் வந்தது. அடுத்த தடவை அவள் வந்தபோது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அவள் வந்தாள். தம்பி வெளியில் வந்தால் நியூஜெர்சி மச்சாள் வீட்டில் சில நாள் நிற்கலாமோ என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மச்சாளைக் கேட்கவும் இல்லை, இவளுக்குச் சொல்லவும் இல்லை.

விசாரணை முடிந்து ஆறாவது வாரம் தீர்ப்பு வந்தது. பதினொரு பக்கம். நான்தான் அவளுக்கு வாசித்துச் சொன்னேன். அவன் உண்மை பேசுகிறான் என்று நீதிபதி முழுமையாக நம்பியிருந்தார். நம்பிய காரணத்தால்தான் அடைக்கலத்தை மறுத்திருந்தார். அரிசி என்ற சொல் அதில் ஒன்பது இடத்தில் இருந்தது. மேன்முறையீடு அதே திணைக்களத்தின் இன்னொரு மாடிக்குப் போய் அப்படியே திரும்பி வந்தது. அதற்கும் அப்பால் உண்மையான நீதிமன்றம், அந்த மூன்றாவது கிளை, இருக்கத்தான் செய்தது. அங்கே போவதற்கு ஒரு வழக்கறிஞரை நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே அவனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

தாய் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் காத்து நின்றாள். அந்த விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்து போய் முடிந்தார்கள். அவன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. உள்ளே விசாரித்தபோது, அப்படி ஒருவர் வந்து இறங்கியதாகப் பதிவில்லை என்று சொன்னார்களாம்.

மூன்று மாதம் கழித்து அவள் கடைக்கு வந்தாள். கைப்பைக்குள் இருந்து நான் போட்டுக் கொடுத்த படத்தை எடுத்து மேசையில் விரித்தாள். மடிப்புகள் கிழிந்திருந்தன. காங்கிரசுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றாள். ஒரு கிளை பிழை விட்டால் மற்றது திருத்தும் என்று நான்தானே சொன்னேன் என்றாள். பேனையை எடுத்தேன். எழுத முடியவில்லை.

"பிள்ளை, நான் சொன்னது பிழை. அந்த ஜட்ஜும் அரசாங்கத்தின்ரை ஆள்தான். நீ றோல்ஸ் கொண்டுவந்த அண்டைக்கே எனக்குத் தெரியும். உன்னட்டைச் சொல்லேல்லை."

அவள் படத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அவனுக்கு விசாரணைக்கு முந்தியே தெரியும், ரீச்சர்," என்றாள். "முகாமிலை கூட இருந்த பெடியள் சொன்னவங்களாம், ஜட்ஜும் அவையளின்ரை ஆள்தான், அரிசிக் கதையை எடுக்காதை எண்டு. பயந்துபோய் எனக்குப் போன் அடிச்சவன். நான்தான் ஏசினனான், ரீச்சரைவிட உனக்குத் தெரியுமோ எண்டு. அதுக்குப் பிறகு அவன் மறுத்துக் கதைக்கேல்லை."