உள்ளங்கைப் பதிவு எடுக்கப் போன இடத்தில்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிற ரகம் நான். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்பதும் தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

திருக்கோகர்ணத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். டேப்லெட்டில் பேனா வைத்து எழுதும்போது உள்ளங்கையும் திரையில் படும் இல்லையா, எது பேனா, எது கை என்று பிரித்தறிய அந்தக் கருவிக்குக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. பதிவைப் போட்டுப் பார்த்தால் பேனா நீலக் கோடாகவும் கை பட்ட இடம் ஆரஞ்சுத் திட்டாகவும் தெரியும். ஆபீஸ் ஆட்களின் கையை அது ஒழுங்காகக் கண்டுபிடித்தது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கையை மட்டும் பேனா என்று நினைத்துக் கண்டபடி கிறுக்கித் தள்ளியது. அப்படிப்பட்ட கைகளின் பதிவு வேண்டும் என்றார்கள், சொந்த ஊரான வல்லத்திராக்கோட்டைக்கே பைக்கை விட்டேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும், அங்கே எங்கள் வீட்டுக்கு அதே தெரு செல்வராணி அக்கா வந்தார். நடவு, களையெடுப்பு என்று வருஷம் முழுக்க வயலில் கிடக்கிறவர். பெயரை எழுதச் சொன்னேன். ‘செல்வ’ வரை எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிவிட்டார்.

"அம்புட்டுத்தான் தம்பி. அவரு எங் கையப் பிடிச்சு இம்புட்டுத்தான் எழுதச் சொல்லிக் குடுத்தாரு. அதுக்குள்ள போயிட்டாரு."

அவருடைய கணவர் போன வருஷம் மாரடைப்பில் இறந்துவிட்டார். மகள் எவ்வளவோ சொல்லிக் கொடுத்தும் மீதி இரண்டு எழுத்து வரவில்லை, அந்த இடம் வந்ததும் கை நின்றுவிடுகிறதாம். இந்த நேரம் பார்த்து மகளிர் குழுவில் அக்காவைத் தலைவியாக்கப் போகிறார்கள், வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், கைநாட்டு வைக்கிறவள் எப்படித் தலைவி என்று பேச்சு கிளம்பிவிட்டது.

"நோட்ட நீட்டுனா என்ன செய்வேன் தம்பி, மானம் போயிரும்" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் என் கவலை எனக்கு, இன்னொரு பதிவு வேண்டும்.

"பாதியோட விட்டாலும் பரவாயில்ல, இன்னொரு தடவை எழுதுங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன், இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

‘செல்வ’ வந்தது. பேனா நின்றது. சரி, இவ்வளவுதான் என்று நினைத்த நேரத்தில் அது மறுபடி நகர்ந்து மீதி இரண்டு எழுத்தையும் நடுக்கமே இல்லாமல் எழுதி முடித்தது. "வந்துருச்சு தம்பி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் பதிவைப் போட்டுப் பார்த்தேன். முதல் மூன்று எழுத்துக்கு ஒரே ஒரு ஆரஞ்சுத் திட்டு, அக்காவின் கை. நான்காவது எழுத்து தொடங்கும்போது திரையில் அதற்குச் சற்றுக் கீழே தள்ளி இன்னொரு திட்டு, நல்ல பெரிய உள்ளங்கை. இரண்டும் சேர்ந்தே நகர்ந்தன. பேனா எழுந்தது, அக்காவின் கை எழுந்தது, பெரிய கை மட்டும் இன்னும் மூன்று விநாடி திரையிலேயே இருந்தது.

கருவிக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். திரையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், வேர்த்த கையை வைத்துப் பார்த்தேன், சேலைத் தலைப்பைப் போட்டு இழுத்துப் பார்த்தேன், அந்த மாதிரித் திட்டு ஒரு தடவைகூட வரவில்லை. கூட வேலை பார்க்கிறவனுக்கு ஒன்றும் சொல்லாமல் பதிவை மட்டும் அனுப்பினேன். "ரெண்டு பேர் எழுதியிருக்காங்கடா. ஒருத்தர் இன்னொருத்தர் கையைப் பிடிச்சு எழுத வைக்கிறாங்க" என்றான்.

வெள்ளிக்கிழமை அக்கா நோட்டில் முழுப் பெயரையும் எழுதிவிட்டார். அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, அந்தச் சிலேட்டுல எங் கை மட்டுந்தான் விழுந்துச்சா?"

பயந்துவிடுவார் என்று நினைத்து, "ஆமாங்கக்கா, ஒங்க கை மட்டுந்தான்" என்றேன்.

"அப்படியா" என்றார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த முகம் வாடிவிட்டது. வலது புறங்கையைத் தடவிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார்.