கிராடன் என்று பேர் வாங்கிய பேச்சாயி

அந்தப் பேரை யார் முதலில் வைத்தது என்று பேச்சாயிக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் ஊரே அவளைக் கிராடன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயசுப் பொம்பளைக்கு, அதுவும் பதினோரு வருஷமாக ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவளுக்கு, வைக்கிற பேரா அது?

எரியோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே அவள் ஊர். வடக்குத்தெரு, தெற்குத்தெரு என்று இரண்டே தெரு. நடுவில் பஞ்சாயத்துத் தண்ணீர்த்தொட்டி நாலு காலை ஊன்றிக்கொண்டு நிற்கும். விடிந்ததும் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவாள். ஒன்பது மணிக்கு, இடுப்பு உயர இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டுத் திருகி, வடக்குத்தெரு வால்வைத் திறப்பாள். பத்து மணிக்கு அதை மூடிவிட்டுத் தெற்குத்தெரு வால்வு. அதற்குள் தொட்டியில் அடிமண்டிதான் மிஞ்சியிருக்கும். தெற்குத்தெருவில் நாலு குடம் நிரம்புவதற்குள் குழாய் காற்றை விடும். பேச்சாயியின் வீடும் தெற்குத்தெருதான். ஊருக்குத் திறந்துவிட்டு வந்து அவளும் அந்த வரிசையில் கடைசி ஆளாகத்தான் நின்றாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட வந்தது டிவி தொடர். வெளிநாட்டுக்காரன் எடுத்தது; தமிழில் குரல் கொடுத்து ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போட்டார்கள். செவ்வாய்க் கிரகத்தில் மனுஷர் குடியேறிவிட்டார்களாம். மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் பெரிய மனுஷர்கள். கீழே சுரங்கத்தில் வேலைக்காரச் சனங்கள். சுரங்கத்துக்குப் போகிற காற்றுக்கு ஒரு வால்வு. அதைத் திறந்து மூடுகிறவன்தான் கிராடன். இரும்புத் தொப்பி போட்டிருப்பான். "அடிமைகளே, உங்கள் சுவாசம் நிறுத்தப்படுகிறது" என்று சொல்லித் திருகுவான். சனங்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழும்.

பேச்சாயி சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்தால், பிள்ளைகளும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பொத்துப் பொத்தென்று விழுந்தன. டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களே, "கிராடன் வந்துட்டான், மூச்ச இழுத்து வச்சுக்கங்கப்பா" என்றார்கள். அவள் அந்தத் தொடரை ஒருநாளும் பார்த்ததில்லை. ஒன்பது மணிக்கு அவள் வால்வுக் குழிக்குப் பக்கத்தில் அல்லவா இருந்தாள்?

சிரிப்போடு நின்றிருந்தால் பொறுத்திருப்பாள். நூற்பாலையில் சூப்பர்வைசராக இருக்கிற ஈஸ்வரன், அவள் தெருக்காரன், ஒரு மனு எழுதினான். தண்ணீர் திறப்பவரை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று. தெற்குத்தெருவில் நாற்பத்து மூன்று பேர் கையெழுத்து. மே ஒன்றாம் தேதி கிராமசபையில் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அவளிடமே வந்து நின்றான்.

"பெரியம்மா, ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அந்தத் தொடர் என்ன சொல்லுதுன்னா, அநியாயத்துக்குக் கையாளா இருக்கவனும் குத்தவாளிதான்."

"நான் ஒனக்குப் பால்குடி மறக்காத வயசுல காய்ச்சலுக்குக் கஷாயம் வச்சுக் குடுத்தேன்ல, அதையும் மனுவுல எழுதிக்க."

"அது வேற, பெரியம்மா."

"எது வேற? தண்ணி ஏன் வரலன்னு வடக்க போயிக் கேட்டியா? எங்கிட்டதான வந்து நிக்கிற."

ஈஸ்வரன் பைக்கை எடுத்தான். அவளுடைய புருஷன் வீரன் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏ புள்ள, அந்தக் கிராடனுக்குச் சம்பளம் எம்புட்டாம்?"

"சும்மா கெடங்க. சாவி போச்சுன்னா அடுப்பு எரியாது. வெளையாட்டு வேற."

கிராமசபைக்கு முந்தின ஞாயிறு வந்தது. அப்படி என்னதான் காட்டுகிறான் என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஒன்பது மணிக்கு வடக்கு வால்வைத் திறந்தாள். சாவியைத் தூக்கிக்கொண்டு நேரே சண்முகவள்ளி வீட்டுக்குப் போனாள். சண்முகவள்ளி வடக்குத்தெருவில் பெரிய வீட்டுக்காரி. கொல்லையில் ஒன்றரை ஏக்கருக்கு மல்லிகை. நிலக்கோட்டைச் சந்தைக்கு வேனில் பூ போகிறது. அந்தத் தொடரைப் பற்றி ஊரில் அதிகம் பேசுகிறவள் அவள்தான்.

"அட, கிராடனே வந்துருச்சு. உக்காரு, உக்காரு. இன்னிக்கித்தான் சொரங்கத்துச் சனங்க எல்லாம் ஒண்ணு சேருது."

பேச்சாயி சாவியைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். டிவியில் சுரங்கத்துப் பிள்ளை ஒன்று மூச்சுக்குத் தவித்தது. சண்முகவள்ளிக்கு முந்தானை நனைந்துவிட்டது. "பாவிக, மனுசன மனுசன் இப்படியா நடத்துவாக" என்று மூக்கை உறிஞ்சினாள். சனங்கள் திரண்டு போய்க் கிராடனைப் பிடித்து, அவன் கையை முறித்து, தொப்பியை மிதித்தார்கள். மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் நாலு பேர் ஏதோ பழச்சாறு குடித்துக்கொண்டு இருந்தார்கள்.

"அந்த நாலு பேர எவனும் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் பேச்சாயி.

"அவுக என்ன செஞ்சாக? அவுக பாட்டுக்குச் செவனேன்னு உக்காந்துருக்காக."

சொல்லிவிட்டு சண்முகவள்ளி ரிமோட்டை எடுத்தாள். "இந்த மோட்டார் சத்தத்துல பேசுறது ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்று டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

அப்போதுதான் பேச்சாயியின் காதில் அது விழுந்தது. கொல்லையில், தெருக்குழாயோடு மோட்டார் ஒன்றைச் சேர்த்து விட்டிருந்தார்கள். அது உறிஞ்சி உறிஞ்சி மல்லிகைக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்தது. வடக்குத்தெருவில் மோட்டார் இருக்கிறது என்று அரசல்புரசலாக அவளுக்குத் தெரியும். அழுதுகொண்டே ஒருத்தி அதை ஓட்டுவாள் என்று தெரியாது.

பேச்சாயி எழுந்தாள். சாவியை எடுத்தாள். "முடியலயே இன்னும்" என்றாள் சண்முகவள்ளி. "எனக்கு முடிஞ்சிருச்சும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஒன்பதரைக்கு வடக்கு வால்வை மூடினாள். தெற்கு வால்வைத் திறந்தாள். குழி மூடிமேல் ஏறி உட்கார்ந்து, சாவியை மடியில் போட்டுக்கொண்டாள்.

வெறும் குழாயை இழுத்து ஏழு வீட்டு மோட்டார் கத்தியது. தொடரைப் பாதியில் விட்டுவிட்டு வடக்குத்தெருவே வந்துவிட்டது. பஞ்சாயத்துக் கிளார்க் மதியழகன் பைக்கில் வந்து இறங்கினார்.

"யாரக் கேட்டு மாத்துன?"

"வடக்க மொதல்ல தெறக்கணும்னு யாரு உத்தரவு, தம்பி? எழுதி வச்சுருந்தா வாசிச்சுக் காட்டுங்க."

மதியழகன் யோசித்தார். எழுதி ஒன்றும் இல்லை. தொட்டி கட்டின வருஷம், மாரியம்மன் கோயில் குடம்தான் முதலில் நிரம்ப வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கோயில் வடக்கே இருந்தது. ஒரு குடத்துக்காகத் திறந்த வால்வு, திறந்தது திறந்தபடியே ஒரு மணி நேரம் என்று ஆகிவிட்டது. அதைத்தான் அவரும் சொன்னார்.

"அம்மனுக்கு ஒரு கொடம்தான? தெனம் நானே சொமந்து கொண்டுபோயி வைக்கிறேன். அம்மன் மோட்டார் கேக்கல."

சண்முகவள்ளி கையை நீட்டிப் பேசினாள். "அந்தச் சினிமாவப் பாத்துட்டுத் திமிரு வந்துருச்சு இவளுக்கு."

"நீங்களுந்தான பாத்தீக, எனக்கு முன்னாடியே?"

கிராமசபைக்கு இரண்டு மனு வந்தது; கொடுத்தது ஒன்றுதான். பேச்சாயியை நீக்கச் சொல்லி வடக்குத்தெரு புதிதாக ஒன்று கொண்டுவந்தது; முதல் கையெழுத்து சண்முகவள்ளி. ஈஸ்வரன் தன் மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேச்சாயிதான் இருக்க வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினான். தெற்குத்தெரு கைதட்டியது. கத்தி ஓய்ந்தபிறகு தீர்மானம் எழுதினார்கள். கோயில் குடம் முதலில். பிறகு ஒருநாள் தெற்கு முதல், மறுநாள் வடக்கு முதல். குழாயில் மோட்டார் போட்டால் இணைப்பைத் துண்டிப்பது. சாவி பேச்சாயியிடமே இருந்தது.

வெளியே வந்ததும் தெற்குத்தெருப் பயல்கள் அவளுக்குப் புதுப்பேர் வைத்தார்கள். தொடரில் சுரங்கத்துச் சனங்களுக்குத் தலைவியாக வருகிறவள் பேராம். பேச்சாயிக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"எங்க ஆத்தா வச்ச பேருக்கு என்ன கொறச்சல்? அதச் சொல்லிக் கூப்புடத்தான் ஒருத்தனுக்கும் வாய் வரல."

பத்து நாள் ஒழுங்காகப் போயிற்று. பதினோராம் நாள் தெற்கு முதல். வால்வைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்து குடத்தை வைத்தாள். தண்ணீர் நூலாக விழுந்தது. குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாள். நாலு வீடு தள்ளி, மோட்டார். ஈஸ்வரன் வீடு.

வாசலில் கிடந்த சாவியை மறுபடியும் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"எங்க புள்ள?" என்றான் வீரன்.

"கண்ணாடிக் கூண்டுக்கு. புதுசாக் குடிவந்துருக்காகல்ல, ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்."

ஈஸ்வரன் வீட்டுக் கதவைச் சாவியின் முனையால் தட்டினாள். உள்ளே மோட்டார் நின்றது. அவள் மறுபடியும் தட்டினாள்.