சூடம் போட்ட பெட்ரோல்

என் தாய்மாமாவுக்கு ஒரு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. எதையும் தட்டில் ஊற்றிக் கொளுத்திப் பார்த்தால் அதன் தரம் தெரிந்துவிடும் என்பார். இதனால் எங்கள் வீடு பட்ட பாடு கொஞ்சமல்ல.

எழுபதுகளில் தேனி பஜாரில் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். மிளகாய் மூட்டையைப் பிரிக்காமலே முகர்ந்து பார்த்து எந்தச் சந்தைச் சரக்கென்று சொல்லிவிடுவார். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, அவருக்குக் கொடுப்பதாகப் பேச்சு. மாமாவோ கடைப்பக்கமே வராமல் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பிரிப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். பொறுத்துப் பார்த்த அப்பா ஒருநாள் சொல்லிவிட்டார்.

"மாப்ளே, போடி ஏலக்காய்க்காரர் மகனோட வண்டிப் பந்தயம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறீக. ஜெயிச்சா கடைக்குப் பின்னாடி பட்டறை வச்சுக்கங்க, தையில கல்யாணம். தோத்தா வண்டியும் கிடையாது, பொண்ணும் கிடையாது."

பழனிசெட்டிபட்டியில் கிளம்பிச் சின்னமனூர் வரைக்கும் பந்தயம். மாமா என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை மதுரையில் கொடுத்துத் தேய்த்து வாங்கி வந்தார். உள்ளே பெட்ரோல் இன்னும் இறுக்கமாக அமுங்கி, வண்டி கூடுதல் வேகம் பிடிக்குமாம். அதிலிருந்து வண்டியை முறுக்கினாலே தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம் வந்தது. வண்டி உறுமுகிறது என்று மாமா பூரித்துப் போனார்.

மதுரைக் காலேஜில் கெமிஸ்ட்ரி படித்த அத்தை அது உறுமல் இல்லை என்றாள். அமுக்கம் தாங்காமல் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கிற சத்தமாம் அது. எவ்வளவு அமுக்கம் தாங்கும் என்பதற்கு ஆக்டேன் என்று ஒரு கணக்கு உண்டாம்; எங்கள் ஊர் பெட்ரோல் பங்கில் கிடைப்பது எண்பத்து மூன்று ஆக்டேன். இந்த என்ஜினுக்கு மதுரையில் விற்கும் தொண்ணூற்று மூன்றுதான் சரி என்று சொல்லி, சரக்கு லாரியில் ஒரு கேன் வரவழைத்தும் கொடுத்தாள்.

மாமா சும்மா இருப்பாரா? கொல்லையில் அம்மாவின் பூஜைத் தட்டுகள் இரண்டை வைத்து, இரண்டு பெட்ரோலையும் ஊற்றி, நீளக் குச்சியால் கொளுத்தினார். இரண்டுமே குப்பென்று பற்றின. புருவத்தில் பாதி கருகிய நிலையில், மதுரைப் பெட்ரோல் ஒரு கண்ணிமைப்பு தாமதம் என்று தீர்ப்பு சொன்னார்.

"பாத்தியா புள்ள? உன் பெட்ரோலு சோம்பேறி."

"மச்சான், லேசுல பத்தாமத் தாங்குறதுதான் அதோட ஒசத்தி. பத்த வைக்கத்தான் ப்ளக்கு இருக்குல்ல?"

"பத்தாததுக்கு எதுக்குப் பெட்ரோலு? தண்ணிய ஊத்திக்கிற வேண்டியதுதான?"

இந்த மனுஷனிடம் யார் பேசுவது? சூடத்தைவிடச் சட்டென்று பற்றுவது உலகத்தில் எதுவுமில்லை என்று கண்டுபிடித்து, கடையிலிருந்து ஒரு பெட்டி சூடத்தை எடுத்துவந்து பொடித்து, உள்ளூர்ப் பெட்ரோலில் கரைத்தார். மதுரைப் பெட்ரோலில் வண்டிச் சங்கிலியின் அழுக்கைக் கழுவினார். அத்தை காலிக் கேனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பந்தயத்தன்று அப்பாவும் அத்தையும் நானும் சின்னமனூர் டீக்கடையோரம் நின்றோம். ஏலக்காய்க்காரர் மகன் சட்டை கசங்காமல் வந்து இறங்கி, டீ குடித்து, இன்னொரு டீயும் குடித்துவிட்டார். மாமாவைக் காணோம். கடைசியில் ஒரு வாழைத்தார் லாரி வந்து நின்றது. தார்களுக்கு நடுவில் மோட்டார் சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி மாமா. வீரபாண்டி தாண்டியதும் பிஸ்டன் ஓட்டையாகிவிட்டதாம். வண்டியிலிருந்து கோயில் கருவறை வாசனை வந்தது.

அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மாப்ளே, என்னத்த ஊத்துனீக?" என்றார். மாமா வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"அண்ணே, மச்சான் மதுரைப் பெட்ரோலத்தான் எடுத்து வச்சாக. அவ்வளவு தூரத்திலேருந்து வந்தது வீணாப் போகுதேன்னு நான்தான் நம்மூருத மாத்தி ஊத்திட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. வீட்டிலேயே சரியாகச் சொன்ன ஒருத்தி, தப்பை இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள்! "அப்பா, இது பொய்..." என்று ஆரம்பித்தேன். அத்தை என் தொடையில் கிள்ளிய கிள்ளில் மிச்சம் 'ஐயோ' என்றுதான் வந்தது. மாமாவாவது உண்மையைச் சொன்னாரா என்றால், அதுவும் இல்லை. தேனி திரும்புவதற்குள் அதை அவரே நம்பிவிட்டார். "பொம்பளைக கை வைக்கலைன்னா ஜெயிச்சிருப்பேன்" என்று லாரி டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்பா அந்த டீக்கடையோரத்திலேயே, அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்ப மதுரைப் பெட்ரோல ஊத்தி இன்னொருக்க ஓட்டட்டும்" என்றார். புதுப் பிஸ்டன் போட்டு ஓட்டியதில் மாமா ஜெயித்தார். தையில் கல்யாணம் நடந்தது. பிறகு அந்தக் கதையையும் மாற்றிக்கொண்டு, சூடத்தின் அளவுதான் கொஞ்சம் கூடிவிட்டது என்று இன்றைக்கும் மாமா சொல்வார். அத்தை காபியை ஆற்றிக்கொண்டே தலையாட்டுவாள்.

அன்றைக்கு எனக்கு எல்லாரையும்விட அப்பாமேல்தான் கோபம். தன் கடைச் சூடம் அந்தத் தெருவே மணக்க எரிந்து வந்து எதிரே நிற்கிறது, மூட்டையை முகர்ந்தே சந்தையைச் சொல்கிறவருக்கு அது தெரியவில்லையே. அப்பாவுக்கு மூக்கு போய்விட்டது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.