ஓரகத்திக்காக ஒரு வேண்டுதல்

ரேணிகுண்டாவில் இறங்கப்போகும் விமானம் ஏர்பேட்டில் எங்கள் வீட்டுக்கு மேலே தாழப் பறக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் என் ஓரகத்தி தோசைக் கரண்டியோடு வாசலுக்கு ஓடிவிடுவாள். கல்லில் தோசை கருகும். "அக்கா, சக்கரத்த வெளிய உட்டுக்கினு போவுது பாரு!" என்பாள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த புதிது.

விமானம் செய்கிற படிப்பைத்தான் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு இண்டரில், அதாவது பதினொன்று, பன்னிரண்டாவதில், கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றும் வேண்டுமாம். பிறந்த வீட்டில் நர்ஸ் ஆக்கலாம் என்று, கணக்கே இல்லாத பைபிசி குரூப்பில் சேர்த்திருந்தார்கள். கணக்கை மட்டும் தனியாக எழுதித் தேறினால், அப்புறம் நுழைவுத் தேர்வு எழுதி இன்ஜினியரிங் சேரலாம் என்று அவளே விசாரித்து வைத்திருந்தாள். கொழுந்தன் சரி என்றுவிட்டார். மாமியார்தான் விடவில்லை. "கட்டிக்கினு வந்தவளுக்கு இன்னாத்துக்குமே கணக்கு? பால்கணக்கு போடறதுக்கா?" அவள் புத்தகத்தைத் திறந்தாலே அடுப்படியிலிருந்து கூப்பிடுவார்.

நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்தது பெருமாள் ஒருத்தர்தான். ஒரு சனிக்கிழமை விளக்கேற்றி, சின்னவள் கணக்கில் தேறுகிறவரை இந்த வீட்டு அடுப்பில் என் கை தவிர வேறு யார் கையும் படக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சாமிக்குச் சொன்ன வார்த்தையை யார் மாற்ற முடியும்? அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெருமாளாண்டயே சிபாரிசு புட்ச்சுக்கினு வந்துட்டியா?" என்றார்.

அடுப்படி இல்லாமல் போன அத்தைக்கு உட்கார இடம் சின்னவள் பக்கத்தில்தான். போட்டதையே அழித்து அழித்து அவள் திரும்பப் போடுவதைப் பார்த்துக்கொண்டே பூக்கட்டுவார். அக்கம்பக்கத்தார் கதை பேச வந்தால், "மெதுவா பேசுமே, கொயந்த படிக்குது" என்று அதட்டுவார். குழந்தை கணக்கில் தேறினாள். மூன்று பேருமாகத் திருமலைக்குப் போய் வேண்டுதலை முடித்தோம்.

இன்று அவள் பெங்களூரில் விமானத்தின் இறக்கைகளைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறாள். அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, மலையிலிருந்து இறங்கிய மறுநாள் காலைதான். அவள் கண் கலங்க வந்து என் கையிலிருந்த மாவுக்குண்டானைப் பிடித்தாள். "போதும்க்கா, இனிமே நான் செய்றேன்."

பின்னாலேயே வந்த அத்தை அவள் கையைத் தட்டிவிட்டார்.

"எடு கைய. எண்ட்ரன்ஸு இன்னும் கீதில்ல? மலமேலயே சொல்லிட்டு வந்துட்டேன், வேண்டுதலு இன்னும் முடியலன்னு."