ஒரே ஒரு ரம்புட்டான்

தரம் இரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை படிப்பிக்க, ஆளுக்கு ஒரே ஒரு ரம்புட்டான் கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.

இன்று காலை கட்டுகஸ்தோட்டையில் ஒரு மரத்தில்கூடப் பழம் மிஞ்சியிருக்காது. பிள்ளைக்கு ஒரு பை!

"ஒன்றுதானே கேட்டேன்?" என்று வாசலில் நின்ற ஆயிஷாவின் உம்மாவிடம் சொன்னேன்.

"டீச்சருக்கு ஒன்ட மட்டும் எப்பிடிக் குடுத்தனுப்புற? வெக்கம்தானே!"

வகுப்பில் ஒரு பழத்தை மட்டும் எடுத்து மேசையில் வைத்து, "ஒன் ரம்புட்டான்" என்றேன்.

ஆயிஷா எழுந்து வந்து, பக்கத்தில் இன்னொன்றை வைத்தாள். "உம்மா ஏசுவா, டீச்சர்."

அவளுக்குப் பின்னால் வகுப்பே பையோடு வரிசையில் நின்றது.

பன்மை ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒருமைதான் இன்னும் தொடங்கவில்லை.

எங்கள் ஊர் வீடுகளில் ஒன்றே ஒன்றாகக் கொடுத்தனுப்பும் சாமான் ஏதாவது இருந்தால், தயவுசெய்து கீழே சொல்லுங்கள்.