வெள்ளைச் சோறும் வேலுவின் கால்களும்

தைப்பிங் பந்தயத்தில் பெராப்பிட் மேட்டில் ஏறும்போதுதான் முதலில் தெரிந்தது. வலது கால் பெடலில் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. குனிந்து பார்த்தேன், இருந்தது. நாலு மிதி மிதித்ததும் மறுபடி சந்தேகம் வந்துவிட்டது. அன்று ஒருவன் என்னை முந்திக்கொண்டு போனான். மேட்டில் அதுவரை யாரும் என்னை முந்தியதில்லை.

நான் பந்தய சைக்கிள்காரன். சமதரையில் சுமார்தான். மேடு வந்தால் என் ஆட்டம். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவிக்கொண்டிருந்த என்னை ஈப்போவில் சைக்கிள் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே (முதலாளி) கூப்பிட்டுக் கொண்டார். கடைப் பெயர் எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு பந்தயம் ஓட வேண்டும். அதற்குச் சம்பளம், சைக்கிள், கடை மாடியில் இடம், மூன்று வேளைச் சோறு. தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

கடையில் போட்டது வெள்ளை அரிசிச் சோறு. மல்லிகைப் பூ மாதிரி இருக்கும். தோட்டத்தில் நாங்கள் தின்றது பழுப்பு நிறப் புழுங்கல். அது கூலிக்காரன் சோறு, இது பந்தயக்காரன் சோறு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போகும்போதும் ஒரு பை வெள்ளை அரிசி கொண்டுபோவேன். என் மனைவி பொன்னம்மா எனக்கு மட்டும் தனிப் பானையில் பொங்குவாள்.

அவள் தம்பி வேலு ஒருநாள் தட்டை நீட்டினான். “எனக்கும் ஒரு கரண்டி போடக்கா.”

“இது மேடு ஏறுறவன் சோறு. நீ புழுங்கலைத் தின்னு,” என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. வேலு தோட்டத்து ஓட்டைச் சைக்கிளில் ரப்பர் பால் வாளியை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தபடியே ஏறுவான். மூச்சு வாங்காது. எனக்கு அப்போதே வயிறு எரிந்தது. நல்ல சோறும் தின்றால் என் இடத்துக்கு வந்துவிடுவான் என்று நினைத்தேன்.

பெராப்பிட்டுக்குப் பிறகு கெண்டைக்காலைத் தொட்டாலே வலி. பாதம் மட்டும் மரக்கட்டை. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. கடைசியில் கடைப் படியே ஏற முடியாமல் போனதும் தவுக்கே என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். “குந்தி இரும். கையை ஊன்றாமல் எழும்பும்,” என்றார்.

குந்தினேன். எழ முடியவில்லை. மலைப் பாதை ஏறிச் சம்பளம் வாங்கியவன் தரையிலிருந்து ஒரு முழம் ஏற முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ள வேண்டுமாம். அது சும்மா கிடந்தது.

“என்ன அரிசி சாப்பிடுறனீர்?”

“வெள்ளை அரிசி டாக்டர். முதல் தரம்,” என்றேன். அந்த நிலையிலும் பெருமை விடவில்லை.

“அதுதான் உம்மட வருத்தம்,” என்றார். (அவர் ஊரில் நோயை அப்படிச் சொல்வார்கள்.) “இது பெரிபெரி. சீன ஆக்களுக்குத்தான் கூடுதலா வாறது. நீங்கள் புழுங்கல் தின்கிற ஆக்கள். உமக்கு ஏன் வந்ததெண்டு யோசிச்சன்.”

பெரிபெரி (உணவில் சத்துக் குறைந்து நரம்பும் நெஞ்சும் கெடும் நோய்) எப்படி வருகிறது என்பதை அவர் பொறுமையாகச் சொன்னார். நெல்லை உமியோடு அவித்தால் தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். பச்சையாகத் தீட்டினால் சத்தெல்லாம் தவிட்டோடு போய்விடும். உடம்பை வருத்தி உழைப்பவனை நோய் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். வேலுவுக்கு ஒரு கரண்டி தராமல் நான் காவல் காத்த சோறு என் கால்களைத் தின்றிருக்கிறது.

மருந்து என்று கொடுத்தது தவிட்டுக் கஞ்சியும் பச்சைப்பயறும் அதே புழுங்கலும்தான். இந்த நோயில் படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வலியைவிடப் பொறாமை அதிகமாக வரும். வாளி தூக்கும் ஆயாவின் கால்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஜன்னலுக்கு வெளியே மேய்ந்த கோழியைப் பார்த்தும்கூட. பக்கத்துக் கட்டில் சீனர் ஈயச் சுரங்கத்தில் வேலை செய்தவர். எனக்கு முன்னால் குந்தி எழுந்துவிட்டார் என்று அவரோடு ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. சில நாளில் அவர் நெஞ்சு அடைத்து இறந்துபோனார். இந்த நோய் அப்படியும் கொண்டுபோகும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

கோலூன்றி லயத்துக்குத் திரும்பியபோது என் சைக்கிள் வேலுவிடம் இருந்தது. தவுக்கே அவனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டுவிட்டார். என் பனியன், என் படுக்கை, எல்லாம் அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தான். கையில் ஒரு பை வெள்ளை அரிசி.

“தனிப் பானையில பொங்குக்கா,” என்றான்.

அரிசியைப் பற்றி டாக்டர் சொன்னதை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. ஒரு வருஷம் தின்னட்டும் என்று தோன்றியது. அவனும் குந்தி எழ முடியாமல் உட்காரட்டும், அப்போது தெரியும். சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. அவன் முதல் கவளத்தை எடுத்தபோது அந்தச் சீனரின் காலிக் கட்டில் நினைவுக்கு வந்தது. தட்டைப் பிடித்து இழுத்தேன்.

“இதத் தின்னாதடா. என் காலுக்கு வந்தது இதாலதான்னு டாக்டரு சொன்னாரு. நெஞ்சுக்கு வந்தா ஆளே போயிருவ.”

வேலு சிரித்தான். “அன்னிக்கு மேடு ஏறுறவன் சோறுன்னீங்க. இன்னிக்கு நான் ஏறுறேன், சோறு விஷமாயிருச்சா? என் காலைப் பாத்தா எரியுது மச்சானுக்கு.”

“அவருக்கு எரிஞ்சா எரியட்டும்,” என்றாள் பொன்னம்மா. “டாக்டரு சொன்னதும் பொய்யா?”

“ஆமாண்டா, பொறாமைதான்,” என்றேன். “பொறாமைக்காரன் பொங்குற சோத்தைத் தின்னுட்டு ஏறு.”

மறுநாளே ஈப்போவுக்குப் பஸ் ஏறினேன். கடைச் சமையற்காரன் வேலையை விட்டு ஊருக்குப் போயிருந்தான். அந்த வேலையைக் கேட்டேன். தவுக்கே என் கோலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், சரி என்றார். புழுங்கலைப் பார்த்து வேலு முதல் வாரம் முகத்தைச் சுளித்தான். பசி அவனைச் சாப்பிட வைத்தது.

கோலை விட்டுவிட்டேன். ஆனால் சைக்கிளில் ஏறினால் சாலை தட்டையாக இருக்கும்வரைதான் போக முடிகிறது. நரம்பு மெதுவாகத்தான் திரும்பும், எவ்வளவு திரும்பும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். முன்பெல்லாம் ஒரு மேட்டை எத்தனை மூச்சில் ஏறுவேன் என்று காலத்தைக் கணக்கிட்டேன். இப்போது உலை கொதிப்பதிலிருந்து புழுங்கல் வேகும்வரைதான் என் காலக் கணக்கு. நான் அவசரப்பட்டால் அது வேகாது.

அடுத்த தைப்பிங் பந்தயத்துக்குச் சோற்றுத் தூக்குச்சட்டியோடு லாரியில் ஏறிப் பெராப்பிட் உச்சியில் போய் நின்றேன். வேலு முதலாவதாக வந்தான். உட்கார்ந்தபடியே ஏறி வந்தான். கூட்டம் அவன் முகத்தைப் பார்த்துக் கத்தியது. நான் கால்களைப் பார்த்தேன். வீக்கம் இல்லை, தடுமாற்றம் இல்லை. ஒவ்வொரு மிதியும் எனக்கு நன்றாகத் தெரிந்த மிதி.

பந்தயம் முடிந்து தைப்பிங்கில் ஒரு மரத்தடியில் வந்து உட்கார்ந்தான். எனக்கு வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது. அவனுக்கு இலை போட்டேன்.